“எரிபொருள் தீர்கிறது” என்று சொன்னால் போதாதா?

கேள்வி: விமானியும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். இருவரும் பயிற்சி பெற்றவர்கள். அப்புறமும் தவறாகப் புரிந்துகொண்டதால் விபத்து என்று படிக்கிறோமே, அது எப்படி?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: முப்பது வருஷம் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்வது 1990 ஜனவரி 25 இரவைப் பற்றித்தான்.

கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியான்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம், போயிங் 707. வானிலை மோசம். மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் வானிலேயே வட்டமிடவைத்தார்கள். துணை விமானி ரேடியோவில் “எங்களுக்கு முன்னுரிமை வேண்டும்” என்றார். இன்னும் ஐந்து நிமிடம்தான் இப்படி வட்டமிட முடியும் என்றும் சொன்னார். ஆனால் அடுத்த கட்டுப்பாட்டாளர் கைக்கு விமானம் மாறியபோது இந்த விஷயம் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

முதல் தடவை இறங்க முயன்று முடியாமல் மேலே ஏறிவிட்டார்கள். கேப்டன் தன் மொழியில், “நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல்” என்கிறார். துணை விமானி ரேடியோவில் திசையைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் “எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது” என்று சேர்க்கிறார். “சொல்லிவிட்டாயா?” என்று கேப்டன் கேட்க, “சொல்லிவிட்டேன்” என்கிறார். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் நெரிசலான இரவில் ஒருவர் பத்து விமானங்களைக் கவனிக்கும்போது, எரிபொருள் குறைகிறது என்பது வழக்கமாகக் காதில் விழும் பேச்சு. ‘மேடே’ என்ற ஆபத்துக்கால அழைப்பையோ ‘எமர்ஜென்சி’ என்றோ கேட்டால்தான் கை மற்ற எல்லாவற்றையும் நிறுத்தும்.

அந்த இரவின் பேச்சுப் பதிவில் என்னால் மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டாளர், “15 மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புகிறேன், எரிபொருளுக்கு அது சரிப்படுமா?” என்று கேட்கிறார். கேட்டுவிட்டார், பாருங்கள்! துணை விமானி சொன்ன பதில்: “சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி.” கட்டுப்பாட்டாளர் என்ன சொன்னார் என்று கேப்டன் விசாரிக்க, “அந்த ஆள் கோபமாக இருக்கிறார்” என்று விமானப் பொறியாளரிடமிருந்து பதில் வருகிறது. எதிரே இருப்பவர் கோபப்படுவாரோ என்று தயங்கிப் பேசுவது நம் வீடுகளிலும் உண்டு, அம்மா. எத்தனை தடவை கேட்டாலும் அந்த ‘மிக்க நன்றி’ வரும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சில நிமிடங்களில் நான்கு இன்ஜினும் நின்றன. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, எரிவதற்கு எரிபொருளே இல்லை.

இப்போது ‘மினிமம் ஃப்யூயல்’, ‘மேடே ஃப்யூயல்’ என்று இரண்டு நிலைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. முதலாவது, இனித் தாமதம் கூடாது என்று முன்கூட்டிச் சொல்வது. இரண்டாவதைச் சொன்னால் அது அவசர நிலை, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: நீங்கள் சொன்னதை விமானி திருப்பிச் சொல்வது வெறும் சம்பிரதாயமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை தம்பி. 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரில் ஒரு சரக்கு விமானத்துக்கு 2400 அடிக்கு இறங்கச் சொல்லி ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார்கள். முன்னால் வந்த ‘டூ’ இரண்டு என்ற எண்ணா, ‘க்கு’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லா? விமானி 400 என்று எடுத்துக்கொண்டார். “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று திருப்பியும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. மலையில் மோதி விமானத்தில் இருந்த நால்வரும் போனார்கள். அதனால்தான் உயரத்தை ‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று நீட்டிச் சொல்லப் பழக்குகிறோம். திருப்பிச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கச் சொல்கிறேன்.