பெரிய வெள்ளிக்கு சொன்ன பொய் – வாசகர் கடிதமும் பதிலும்

ஸ்தோத்திரம் ஐயா,

எனக்கு ஊரு பொறையார் பக்கம். மூணு வருஷமா சென்னைல ஓஎம்ஆர்ல ஐடி வேலை. ஊர்ல இருந்தப்ப ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிச்சா கால் தானா நடக்கும், இங்க மணியும் இல்ல யாரும் ஏன் வரலன்னு கேக்கறதும் இல்ல. ஆபீஸ்ல யாரும் என்னை தடுக்கல, பெருசா கிண்டல்கூட இல்ல, ஆனா சாமி நம்பிக்கைன்னாலே படிக்காதவங்க விஷயம் மாதிரி ஒரு பார்வை. லஞ்ச் டேபிள்ல ஜெபம் பண்றத நிறுத்திட்டேன். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு லீவு கேக்கும்போது ஃபேமிலி ஃபங்ஷன்னு பொய் சொன்னேன், அதுலேர்ந்து மனசு சரியில்ல. நான் எழுதுற கோடுல தேவனுக்கு என்ன நோக்கம் இருக்கப்போகுது, எல்லாத்தையும் விட்டுட்டு முழுநேர சபை ஊழியத்துக்கே போயிரலாமான்னு தோணுது. பேர் போட வேணாம் ஐயா.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க கடிதத்த நாலு தடவ படிச்சேன். அந்த பொய் உங்கள உறுத்துதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த உறுத்தல் இருக்கற வரைக்கும் விசுவாசம் போயிருச்சுன்னு பயப்படாதீங்கம்மா. எனக்கு உங்க வயசுல உறுத்தல் வரவே மூணு வருஷம் ஆச்சு, அத அப்புறம் சொல்றேன்.

ஒரு விஷயம் மொதல்ல. செக்குலர்னா சாமி இல்லாத இடம்னு உங்க ஆபீஸ்ல நினைக்கலாம், நம்ம பக்கத்துல அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்ல. நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, சிக்கல் முருகன் மூணையும் அரை நாள்ல சுத்தி வந்துரலாம், எங்கயும் யாரும் தன் நம்பிக்கைய மறைச்சுக்கிட்டு நிக்கறதில்ல. நம்ம அரசியல் சட்டத்துல 25ஆவது பிரிவும் மனசாட்சி சுதந்திரத்தோட சேத்து மதத்த வெளிப்படையா சொல்றதையும் கடைப்பிடிக்கறதையும் பரப்பறதையும் உரிமையாத்தான் வச்சிருக்கு. அதனால நீங்க வாயத் தொறந்து நான் கிறிஸ்தவள்னு சொன்னா அது யாருக்கும் எதிரான காரியம் இல்ல.

ஆனா உங்க கஷ்டம் சட்டத்துல இல்லன்னு எனக்கும் தெரியும். ஊர்ல நம்ம விசுவாசத்த நாம தனியா சுமக்கல. மணி, உபதேசியார், அம்மாவோட அதட்டல், லெந்து (தவக்காலம்) நாள் கூட்டம், அறுப்பின் பண்டிகைன்னு ஊரே சேந்து சுமந்துச்சு. சென்னைக்கு போனதும் அந்த பாரம் மொத்தமா உங்க தோள்ல எறங்கிருச்சு, அதான் கனமா இருக்கு.

இப்ப உங்க ஊருக்கு பக்கத்துலயே நடந்தத சொல்றேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலைல தரங்கம்பாடில வந்து எறங்கினாருன்னு நாம சண்டே ஸ்கூல்லயே படிச்சோம். ஆனா அவருக்கு தொல்லை எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் அழுத்தி சொல்லல. டேனிஷ்காரங்க 1620லயே அங்க கோட்டை கட்டிட்டாங்க, எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினவங்கதான், ஊருக்குள்ள அவங்களுக்குன்னு கோயிலும் இருந்துச்சு, ஆனா அவங்க மனசு முழுக்க வியாபாரம், இந்த இளைஞர் வந்து ஜனங்ககிட்ட பழகறது அவங்களுக்கு இடைஞ்சலா இருந்துச்சு. நாவிதர் ஒருத்தர் செத்துப்போயி அவரோட விதவைக்கு கடன் விஷயத்துல அநியாயம் நடக்குதுன்னு அவங்களுக்காக பேசப் போனாரு, கோட்டைத் தளபதி பிடிச்சு நாலு மாசம் சிறைல போட்டுட்டாரு. பேருக்கு கிறிஸ்தவங்க இருக்கற இடத்துலயே விசுவாசத்தோட வாழறது அவ்வளவு சுலபமா இருக்கல. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது என்னன்னா அவர் ஜெபம் பண்ணதுக்காக உள்ள போகல, ஒரு ஏழை பொம்பளைக்கு நியாயம் கேட்டுத்தான் போனாரு. வெளிய வந்தும் ஊர விட்டு ஓடல, சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல எழுதிப் பழகின தமிழ வச்சே 1715க்குள்ள புதிய ஏற்பாட்ட அச்சுல கொண்டு வந்துட்டாரு, அச்சு வேலைக்கு காகிதம் பத்தாம உங்க பொறையார்லயே காகிதப் பட்டறை போட்டாங்க.

அடுத்து பைபிள்ல வர்ற தானியேல். சிங்கக் கெபி (சிங்கக் குகை) மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கு, நீங்க இன்னைக்கு ராத்திரி மொதல் அதிகாரத்த நிதானமா படிங்க. பாபிலோன்ல அவன் பேர மாத்துறாங்க, சரின்னுட்டான். கல்தேயர் பாஷையும் எழுத்தும் படிக்கச் சொல்றாங்க, மத்தவங்கள விட நல்லாவே படிச்சான். ராஜாவோட ஆபீஸ்ல வேலையும் பாத்தான். ராஜா சாப்பாட்டுல மட்டும்தான் நின்னான், அதையும் சண்டை போடாம அதிகாரிகிட்ட தயவா பத்து நாள் சோதிச்சுப் பாருங்கன்னு கேட்டான். எல்லாத்துலயும் முறைச்சுக்கிட்டு நிக்கல, எல்லாத்துலயும் வளைஞ்சும் போகல, எங்க நிக்கணும்னு முன்னாடியே மனசுல தீர்மானம் பண்ணி வச்சிருந்தான். உங்க எல்லை எங்கன்னு நீங்கதான் உக்காந்து யோசிக்கணும். டீம் அவுட்டிங் போறதா வேணாமாங்கறது அந்த எல்லை இல்லன்னு நான் நினைக்கறேன், பொய் சொல்றது கண்டிப்பா அந்த எல்லைதான்.

என் கதைக்கு வரேன். 2000த்துல நான் வெளியூர்ல ஒரு தனியார் கம்பெனில கணக்கு எழுதினேன். ஸ்டாக்ல இல்லாத மூட்டைய இருக்கறதா எழுதச் சொன்னாங்க, எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் போயி திருவிருந்தும் எடுத்தேன். என்னை யாரும் ஜெபம் பண்ணாதன்னு சொல்லல, நாந்தான் ஜெபத்த ஒரு பக்கமும் பேனாவ ஒரு பக்கமும் வச்சிருந்தேன். கொஞ்ச நாள்ல கோயிலும் நின்னுபோச்சு.

2003ல ஊருக்கு வந்தேன். அந்த வருஷம் ஜூன் 12க்கு மேட்டூர் அணை தொறக்கல, குறுவை இல்ல, வாய்க்கால்ல ஆடு மேயுது, வீட்ல ரேஷன் அரிசிதான். அம்மா உலை வைக்கறாங்க. உழக்கால அரிசி அளந்து முறத்துல கொட்டிட்டு அதுலேர்ந்து ஒரு பிடி எடுத்து, பக்கத்துல இருந்த பழைய ஹார்லிக்ஸ் டப்பால போட்டு மூடினாங்க. பிடி அரிசி காணிக்கை, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கோயிலுக்குன்னு ஒதுக்கறது, உங்க வீட்லயும் பாத்திருப்பீங்க. நான் கேட்டேன், இந்த வருஷமாவது நிறுத்தக்கூடாதாம்மான்னு. அவங்க என்னைத் திரும்பிகூட பாக்காம, உலை கொதிக்குது தள்ளிக்கடான்னாங்க. அவ்வளவுதான். அவங்க பெருசா யோசிச்சு செய்யல, அரிசி அளக்கற வேலையோட சேந்தே அந்தக் கை போயி வருது. எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா அந்தக் கைதான் கண்ணுக்குள்ள இருந்துச்சு. திரும்பப் போயி மேனேஜர்கிட்ட இனிமே பொய்க்கணக்கு எழுத மாட்டேன்னு சொன்னேன், ரெண்டு மாசத்துல வேலை போச்சு, கஷ்டப்பட்டோம், ஆனா நல்லா தூங்கினேன்.

நோக்கம்னு கேட்டீங்கல்ல, ஊழியத்துக்கு போறது தப்பே இல்ல, அழைப்பு இருந்தா போங்க. ஆனா ஆபீஸ்ல இருக்க முடியலங்கற ஒரே காரணத்துக்காக போகாதீங்கம்மா. எங்க மாயவரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், அவர் பிரசங்க பீடம் ஏறல, கோர்ட்டுலதான் உக்காந்தாரு. ஜனங்களுக்கு புரியணும்னு இங்கிலீஷ் தீர்ப்புகள தமிழ்ல கொண்டு வந்தாரு, நீதி நூல்ல கைக்கூலி (லஞ்சம்) வாங்கறத கண்டிச்சு எழுதினாரு, 1876லேர்ந்து 78 வரைக்கும் அடிச்ச பஞ்சத்துல தன் கைக்காச போட்டு கஞ்சி ஊத்தினாரு. அதப் பாத்து நந்தனார் கீர்த்தனை எழுதின கோபாலகிருஷ்ண பாரதியாரே அவர் மேல பாட்டுப் பாடினாரு, பாடினவர் சிவபக்தர். நீங்க எழுதற கோடு யாருக்கோ சம்பளமோ மருந்துச் சீட்டோ டிக்கெட்டோ சரியா போய்ச் சேரறதுக்குத்தானே. அதுல தப்பு இருந்தா மறைக்காம சொல்றது, ஜூனியர் பொண்ணு மேல பழி விழும்போது கூட நிக்கறது, இதெல்லாம் உங்க பிடி அரிசி.

ஒரே ஒரு காரியம் செய்யுங்க. திங்கக்கிழமை உங்க மேனேஜர்கிட்ட போயி, அன்னைக்கு நான் ஃபங்ஷன்னு சொன்னது உண்மையில்ல சார், பெரிய வெள்ளி ஆராதனைக்குத்தான் ஊருக்குப் போனேன், அடுத்த வருஷமும் கேப்பேன்னு சொல்லிருங்க. அவர் ரெண்டு நிமிஷத்துல மறந்துருவாரு, உங்களுக்குத்தான் அது தேவை. லஞ்ச் டேபிள்ல கண்ண மூடறது அப்புறம் தன்னால வரும். வேளச்சேரியோ அடையாறோ, பக்கத்துல ஒரு சபைல சேந்து பேர் எழுதி வைங்க, ஒரு வாரம் வரலன்னா ஏன் வரலன்னு போன் பண்ற ஒரு அக்காவாவது உங்களுக்கு வேணும்.

கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வரும்போது சொல்லுங்க, தரங்கம்பாடி புது எருசலேம் கோயில்ல பாப்போம், சீகன்பால்க் கல்லறை உள்ளதான் இருக்கு. அம்மா இப்ப இல்ல. அந்த ஹார்லிக்ஸ் டப்பா எங்க அடுப்படிலதான் இருக்கு, அன்னைக்கு மதியம் எங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போகலாம்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலேர்ந்து உங்க அண்ணன்