புகைப்படப் புத்தகங்களில் எதைப் படிக்கலாம், எதை வாங்கிச் சேர்க்கலாம்?

புகைப்படத்தில் ஆர்வம் வந்திருக்கிறது, படிக்கத் தகுந்த புத்தகங்கள் எவை, அவற்றில் எவற்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவை இயக்கக் கற்றுத்தரும் நூல்களை நான் விட்டுவிடுகிறேன். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் இப்போது யூடியூபிலேயே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள். நான் சொல்லப்போவது, ஒரு புகைப்படக்காரர் தன் படங்களைக் கொண்டே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை யோசித்துக் கட்டிய புத்தகங்களைப் பற்றி. நல்ல படங்களைத் திரட்டிப் போட்டதெல்லாம் அப்படிப்பட்ட புத்தகம் ஆகிவிடாது. எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் வருகிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ வாங்குங்கள். ஃபிராங்க் சுவிட்சர்லாந்துக்காரர், 1947இல் அமெரிக்காவில் குடியேறியவர். 1955இல் கலைஞர்களுக்குத் தரும் குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்ததும் ஒரு பழைய காரை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். எடுத்தவை 27,000 படங்களுக்கு மேல், புத்தகத்தில் வைத்தவை 83. அமெரிக்காவில் பதிப்பாளர் கிடைக்காமல் 1958இல் பாரிஸில் ராபர்ட் டெல்பீர் முதலில் வெளியிட்டார். அதில் இடப்பக்கம் முழுக்க அமெரிக்காவைப் பற்றிப் பலர் எழுதிய பத்திகள் இருந்தன. மறு ஆண்டு குரோவ் பிரஸ் கொண்டுவந்த அமெரிக்கப் பதிப்பில் அதையெல்லாம் எடுத்துவிட்டு, முன்னால் நாவலாசிரியர் ஜாக் கெரோவாக்கின் முன்னுரையை மட்டும் வைத்தார்கள். இடப்பக்கத்தில் படத்தின் தலைப்பு ஒரு வரி, மற்றபடி வெறும் வெள்ளை. வலப்பக்கத்தில் படம். அதே 83 படங்கள்தான், ஆனால் இது வேறு புத்தகம்.

நடுவில் ஓரிடத்தைச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே, பளபளக்கும் துணி போர்த்தி நிறுத்தி வைத்த ஒரு கார். அடுத்த தாளைத் திருப்பினால் அரிசோனாவில் நெடுஞ்சாலை ஓரம், கம்பளி போர்த்திய ஓர் உடல், பக்கத்தில் குளிரில் நிற்கும் நான்கு பேர். விபத்து. அதற்கடுத்த தாளில் நியூ மெக்சிகோவில் அடிவானம்வரை நீளும் வெறும் சாலை. மூன்று படங்களுக்கும் தனித்தனி ஊர், தனித்தனி நேரம். முதல் போர்வையைப் பார்த்த கண்ணோடு இரண்டாவது போர்வையைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ புரள்கிறது. சாலைப் படத்தைத் தனியாகப் பார்த்தால் அழகான நிலக்காட்சி. இந்த இடத்தில் பார்த்தால் அதில் கார் ஓட்டிப் போகவே பயமாக இருக்கும். இதை எந்த வகுப்பிலும் சொற்களால் கற்றுத்தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்கப் பதிப்பின் அட்டைப்படமும் அப்படித்தான். நியூ ஆர்லியன்ஸில் ஒரு டிராம் வண்டி, வரிசையாக ஜன்னல்கள். முன்னால் வெள்ளையர், நடுவில் குழந்தைகள், பின்னால் கறுப்பினத்தவர். 1955 நவம்பரில் எடுத்தது. சில வாரங்களில் மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். படத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஜன்னல் சட்டங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன.

வெளிவந்தபோது புத்தகத்தைத் திட்டினார்கள். படங்கள் மங்கல், சாய்வு, அமெரிக்காவை இழிவுபடுத்துகிறார் என்றார்கள். அதன் பிறகு வந்த தெருப் புகைப்படக்காரர்களில் பெரும்பாலோர் இந்தப் புத்தகத்துக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்கள். ஷ்டைடல் பதிப்பகம் 2008இல் கொண்டுவந்த மறுபதிப்பு ஃபிராங்க் உயிரோடு இருந்தபோது அவர் பங்கேற்புடனேயே வந்தது. அதையே வாங்கலாம்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸோனின் ‘தி டிசைசிவ் மொமென்ட்’ எல்லாப் பட்டியலிலும் இருக்கும். 1952இல் வந்தது, அட்டை ஓவியர் மாத்தீஸ் செய்துகொடுத்தது, 2014இல் அதே அளவில் மறுபதிப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு படமும் பிரமாதம். ஆனாலும் புத்தகமாக எனக்கு ஃபிராங்கே முக்கியம்.

ஜப்பானியர்கள் இந்தக் கலையில் தனி உலகம். அங்கே பல புகைப்படக்காரர்களுக்குச் சுவரில் மாட்டும் படத்தைவிடப் புத்தகமே முதல் வடிவம். மசஹிசா ஃபுகாசே மணவாழ்க்கை முறிந்த சமயத்தில் பிறந்த மண்ணான ஹொக்கைடோ தீவுக்கு ரயிலேறினார். வழியில் காக்கைகளை எடுக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் அதையே எடுத்துக்கொண்டிருந்தார். 1986இல் அது ‘ரேவன்ஸ்’ என்ற புத்தகமானது. காக்கை, பனி, கம்பி, மீண்டும் காக்கை. பாதிக்கு மேல் போனதும் நாம் பார்ப்பது பறவையை அல்ல, எடுத்தவரின் மனநிலையை என்று புரியும். 1992இல் அவர் மதுக்கடைப் படிக்கட்டில் விழுந்து மூளையில் பலத்த அடிபட்டார். அதிலிருந்து மீளாமலே 2012இல் இறந்தார். பழைய பதிப்பின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2017இல் மேக் பதிப்பகம் மறுபடி அச்சிட்டதால் நம்மைப் போன்றவர்களும் பார்க்க முடிந்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தியப் புகைப்படப் புத்தகம் என்றதும் வரவேற்பறை மேசையில் போடும் கோயில், யானை, சாதுப் புத்தகங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன.

தயாநிதா சிங்கிடம் தொடங்குங்கள். புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே அவர் மாற்றிப்போட்டார். 2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ ஒரு சிறிய துணிப்பெட்டி. உள்ளே ஏழு குட்டிப் புத்தகங்கள், விசிறி மடிப்பாக விரிபவை. ஒவ்வொன்றும் ஒரு நண்பரோடு போன பயணத்தின் நினைவாக அவருக்கென்று செய்தது. கொல்கத்தா, மும்பை, காசி என்று போகும் அந்த வரிசையில் நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரமும் உண்டு. ஏழாவது அவருடைய அம்மா நோனி சிங் எடுத்த குடும்பப் படங்கள். விரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே ஒரு சின்னக் கண்காட்சி. இதே யோசனையை வளர்த்து 2017இல் ‘மியூசியம் பவன்’ செய்தார். பாரிஸ் ஃபோட்டோ கண்காட்சியும் அப்பர்ச்சர் என்ற அமைப்பும் சேர்ந்து தரும் புகைப்படப் புத்தக விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த புகைப்படப் புத்தகம் அதுதான்.

இரண்டு ஆண்டு கழித்து அதே விருதை இன்னொரு இந்தியர் வாங்கினார். சோராப் ஹுராவின் ‘தி கோஸ்ட்’. அவரே சொந்தமாகப் பதிப்பித்தது. இந்தியக் கடற்கரை ஊர்களில் எடுத்த, ஃபிளாஷ் அடித்த, கண்ணைக் கூசவைக்கும் வண்ணப் படங்கள். ஒரே படம் வேறொரு படத்தோடு ஜோடி சேர்ந்து திரும்ப வரும். ஒரு முறை சிரிப்பாகத் தெரிந்த முகம் அடுத்த முறை வலியாகத் தெரியும். வாட்ஸப்பில் வரும் படத்தைப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரி எப்படித் திரித்துவிடுகிறது என்று கவலைப்படுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வண்ணத்துக்கு ரகுபீர் சிங். உலகத்தின் பெரிய புகைப்படக்காரர்கள் கறுப்பு வெள்ளைதான் கலை என்று நினைத்த காலத்திலேயே இந்தியாவை வண்ணத்தில்தான் எடுக்க முடியும் என்று உறுதியாக நின்றவர். 1998இல் வந்த ‘ரிவர் ஆஃப் கலர்’ அவருடைய வாழ்நாள் வேலையின் திரட்டு. ‘தமிழ்நாடு’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் செய்திருக்கிறார், ஆர்.கே. நாராயண் முன்னுரையோடு. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. லின்னேயஸ் டிரைப் என்ற மதராஸ் ராணுவ அதிகாரி 1856 முதல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். பெரிய கேமராவோடு மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றி மெழுகு பூசிய காகித நெகடிவ்களில் எடுத்தார். திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்ப்பதற்கு முந்தைய அதன் சிதைந்த கோலத்தை அதில் பார்க்கலாம். எக்ஸ்போஷர் நேரம், அதாவது நெகடிவில் ஒளி பட வேண்டிய நேரம், அதிகம் என்பதால் கோயில் தெருக்களில் ஆளே இருக்காது. வானம் வெறுமையாக விழுந்த நெகடிவ்களில் மேகத்தை அவரே தீட்டியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த வேலைக்கு ஆகும் செலவு வீண் என்று 1860 வாக்கில் அரசு அவருடைய பிரிவை மூடிவிட்டது. ரோஜர் டெய்லரும் கிறிஸ்பின் பிரான்ஃபுட்டும் 2014இல் கொண்டுவந்த ‘கேப்டன் லின்னேயஸ் டிரைப்’ நூலில் இவை நல்ல அச்சில் இருக்கின்றன. சொந்த ஊர்ப் படம் இருக்கும் பக்கத்தில் கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவீர்கள்.

எழுத்தாகப் படிக்க இரண்டு போதும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோண்டாகின் ‘ஆன் ஃபோட்டோகிராஃபி’ (1977) ஒரு படம்கூட இல்லாமல் படங்களைப் பற்றிச் சண்டை போடும் புத்தகம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த்தின் ‘கேமரா லூசிடா’ (1980) அதற்கு நேர் எதிர். இறந்துபோன அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதைச் சுற்றியே பாதி நூலை எழுதிவிட்டு, அந்தப் படத்தை மட்டும் அச்சிடாமல் விட்டுவிட்டார். அது தனக்கு மட்டுமே பொருள்படும், நமக்கு எத்தனையோ பழைய படங்களில் ஒன்றுதான் என்றார். முதலில் பார்த்தின் நூலைப் படியுங்கள்.

சேகரிப்பைப் பற்றி. முதல் பதிப்பு மோகம் வேண்டாம். புகைப்படக்காரர் மார்ட்டின் பாரும் விமர்சகர் ஜெர்ரி பேட்ஜரும் 2004இலிருந்து மூன்று தொகுதிகளாகப் புகைப்படப் புத்தகங்களின் வரலாற்றை எழுதினார்கள். அருமையான வேலை. ஆனால் அதில் இடம்பெற்ற பழைய புத்தகங்களின் விலை அதன் பிறகு எங்கேயோ போய்விட்டது. நல்ல மறுபதிப்பு பல நேரம் முதல் பதிப்பைவிட நன்றாகவே அச்சாகியிருக்கும். வாங்கும் முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தின் இருண்ட பகுதியைப் பாருங்கள். ஒரே கறுப்பு மையில் அச்சடித்திருந்தால் நிழல் முழுக்க ஒரே கட்டையாக அடைத்துக் கிடக்கும். இரண்டு மூன்று மைகளில் அச்சடித்ததில் நிழலுக்குள்ளும் துணி மடிப்பும் முடியும் தெரியும். அட்டையின் மேலுறையைக் கழற்றி எறியாதீர்கள். பழைய புத்தகத்தின் மதிப்பில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

சென்னை போன்ற கடலோர ஊரில் இருந்தால் பெரிய எதிரி ஈரம். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது, படத்தோடு பிய்ந்து வரும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் அவ்வப்போது எடுத்து ஒரு முறை புரட்டுங்கள், ராமபாணப் பூச்சி இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். கனமான புத்தகங்களைப் படுக்கை வாட்டில் வையுங்கள், நிற்கவைத்தால் தையல் தளர்ந்து பக்கக்கட்டு முன்னால் சரியும். தரைத்தளத்தில் குடியிருந்தால் அலமாரியின் கீழ்த்தட்டில் புத்தகமே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலர் வீட்டில் முதலில் போனது அந்தத் தட்டுதான்.