மெய்நிகர் மேசைக்கணினிகளுக்கு எந்த ஹைப்பர்வைசர்? கேள்வி பதில்

பணியாளர்களின் மேசையில் தனித்தனிக் கணினிகளை வைப்பதற்குப் பதிலாக, சர்வர்களில் இயங்கும் மெய்நிகர் மேசைக்கணினிகளை அவர்களுக்கு வழங்கத் திட்டமிடும் பலர், அந்தச் சர்வர்களில் எந்த ஹைப்பர்வைசரை (ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் அடிப்படை மென்பொருளை) நிறுவலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளை இணைத்து, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 300 பேருக்கு மெய்நிகர் மேசைக்கணினி வழங்க வேண்டும். இருக்கும் ஹைப்பர்வைசர்களில் வேகமானது எது?

வேகத்தை முதல் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தன. நினைவக முகவரிகளை மாற்றித் தரும் வேலையும் அடுத்த சில ஆண்டுகளில் வன்பொருளுக்குள் சென்றுவிட்டது. விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ, ஹைப்பர்-வி, கேவிஎம், ஜென் ஆகிய நான்கும் இன்று அதே வன்பொருள் வசதியின்மீதுதான் நிற்கின்றன. அலுவலகப் பணியாளர் ஒருவர் இவற்றுக்கிடையிலான வேக வேறுபாட்டை உணர்வது அரிது.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. சர்வர்களுக்கான மெய்நிகர் இயந்திரம் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது, ஆண்டுக்கணக்கில் வாழ்வது. மேசைக்கணினிகளோ ஒரே தாய் இமேஜிலிருந்து, அதாவது முன்மாதிரி வட்டுப் பிரதியிலிருந்து, நூற்றுக்கணக்கில் பிறந்து, பல இடங்களில் அன்று மாலையே அழிக்கப்பட்டு, மறுநாள் காலையில் மீண்டும் பிறப்பவை. இந்தப் பிறப்பையும் அழிப்பையும் நடத்துவதும், எந்தப் பயனருக்கு எந்த இயந்திரம் என்று முடிவு செய்து இணைத்து வைப்பதும் புரோக்கர் என்னும் மென்பொருள். விஎம்வேரிடம் இருந்த ஹொரைசன் என்னும் புரோக்கரின் இன்ஸ்டன்ட் குளோன், இயங்கிக்கொண்டிருக்கும் தாய் இயந்திரத்தை நினைவகத்திலேயே கிளைக்கச் செய்யும் முறை. அது, ஈஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் தொகுப்பான விஸ்பியர் தரும் வசதியை நம்பி எழுதப்பட்டது. இன்னொரு புரோக்கரான சிட்ரிக்ஸ், மேசைக்கணினிகளை வழங்கப் பயன்படுத்தும் எம்சிஎஸ், பிவிஎஸ் முறைகள் பல ஹைப்பர்வைசர்களில் இயங்கும். ஆகவே முதலில் புரோக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஆதரவுப் பட்டியலைப் படித்துவிட்டு ஹைப்பர்வைசருக்கு வாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள், வாங்கிய ஹைப்பர்வைசருக்கு ஏற்ற புரோக்கரைத் தேடி அலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக விஸ்பியரும் ஹொரைசனும் பயன்படுத்துகிறோம். பிராட்காம் வாங்கிய பிறகு வெளியேற வேண்டுமா?

நடந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, எல்லாம் சந்தா முறைக்கு மாறின. ஹொரைசன் அடங்கிய பிரிவு கேகேஆர் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 2024 ஜூலை முதல் ஆம்னிசா என்ற பெயரில் தனி நிறுவனமாக இயங்குகிறது. விலை உயர்வைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; உங்களைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய மாற்றம், ஒரே வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஹைப்பர்வைசரும் புரோக்கரும் இப்போது இரண்டு நிறுவனங்களுக்கு உரியவையாகிவிட்டன என்பதே. ஒன்று பதிப்பை மாற்றினால் மற்றொன்று உடனே ஈடுகொடுக்கும் என்று இனி எடுத்துக்கொள்ள முடியாது.

விஸ்பியர் 7இன் பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது; நீங்கள் இன்னும் அதிலேயே இருந்தால் பதிப்பு உயர்வையாவது உடனே தொடங்க வேண்டும். வெளியேறுவதைச் சர்வர்களின் மாற்றுக் காலத்தோடு பொருத்துங்கள். புதிய உரிமம் பிராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கைப்படி கணக்கிடப்படுகிறது, ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 16 கோர் என்ற வரம்பும் உண்டு. எனவே 8 அல்லது 12 கோர் உள்ள பழைய பிராசஸர்களை வைத்துக்கொண்டு சந்தா கட்டினால், இல்லாத கோர்களுக்கும் பணம் கொடுப்பதாகும். ஆம்னிசா 2025இல் நூட்டானிக்ஸ் நிறுவனத்தின் ஹைப்பர்வைசரான ஏஎச்வி மீதும் ஹொரைசனுக்கு ஆதரவு அறிவித்திருப்பதால், புரோக்கரை வைத்துக்கொண்டு ஹைப்பர்வைசரை மட்டும் மாற்றும் வழியும் திறந்திருக்கிறது. பயனர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது என்பதால், உங்கள் நிலையில் நான் முதலில் சோதித்துப் பார்ப்பது அந்த வழியைத்தான்.

கேள்வி: நாங்கள் சிறிய நிறுவனம், 40 பேர். ப்ராக்ஸ்மாக்ஸ் போதுமா?

40 பேருக்கு, அதிலும் ஒவ்வொருவருக்கும் நிலையான தனி இயந்திரம் என்றால், போதும். ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னாவில் உருவாகி 2008இல் வெளிவந்தது. அதன் உள்ளே இருப்பது லினக்ஸின் கேவிஎம். கேவிஎம்மின் பிறப்பே மேசைக்கணினி மெய்நிகராக்கத்தோடு தொடர்புடையது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். குவாம்ராநெட் என்ற இஸ்ரேலிய நிறுவனம் இதே பணிக்காகத்தான் அதை எழுதியது. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் அது இணைந்தது, 2008இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது. எனவே கேவிஎம் இந்த வேலைக்குப் புதிது என்று சொல்வோரின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ப்ராக்ஸ்மாக்ஸில் புரோக்கர் கிடையாது. யுடிஎஸ் என்டர்பிரைஸ் போன்ற ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 40 நிலையான இயந்திரங்களுக்கு, முறையான நுழைவாயில் ஒன்றின் வழியாக நேரடி ஆர்டிபி (விண்டோஸின் தொலைத்திரை) இணைப்பு கொடுத்தும் சமாளிக்கலாம். அடுத்தது, ஸ்பைஸ் என்னும் திரை நெறிமுறை. அதுவும் குவாம்ராநெட்டின் படைப்புத்தான். ஆனால் ரெட் ஹேட் தன் லினக்ஸின் 9ஆம் பதிப்பிலிருந்து அதை நீக்கிவிட்டது. நிர்வாகிகள் அவ்வப்போது திரையைப் பார்ப்பதற்கு அது நன்றாக உதவும். பணியாளர்களின் அன்றாட வேலையை அதன்மேல் கட்டமைக்க வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் உரிமம் ஏற்கெனவே இருக்கிறது. ஹைப்பர்-வி எங்களுக்கு இலவசம்தானே?

ஹைப்பர்-விக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம், அது உண்மை. ஆனால் டேட்டாசென்டர் உரிமம் எண்ணிக்கை வரம்பின்றி அனுமதிப்பது விண்டோஸ் சர்வர் மெய்நிகர் இயந்திரங்களை மட்டுமே. மெய்நிகர் இயந்திரத்தில் விண்டோஸ் 11 இயங்க வேண்டுமானால், பயனருக்கோ கருவிக்கோ விடிஏ என்னும் மெய்நிகர் மேசைக்கணினி அணுகல் உரிமம், அல்லது அந்த உரிமையை உள்ளடக்கிய விண்டோஸ் என்டர்பிரைஸ் சந்தா வேண்டும். எந்த ஹைப்பர்வைசரைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும். திட்டச் செலவில் இந்த வரியை மறந்துவிட்டு, தணிக்கையின்போது திகைத்து நின்றவர்கள் பலர். உங்கள் பணியாளர்கள் ஒரே மாதிரியான நான்கைந்து செயலிகளை மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்றால், விண்டோஸ் சர்வரிலேயே பலர் ஒரே நேரத்தில் பணிபுரியும் ஆர்டிஎஸ் முறையைப் பரிசீலியுங்கள். அதற்கு விண்டோஸ் சர்வர் அணுகல் உரிமமும் ஆர்டிஎஸ் அணுகல் உரிமமும் போதும், வன்பொருளும் குறைவாகவே தேவைப்படும்.

கேள்வி: எங்களில் 80 பேர் முப்பரிமாண வடிவமைப்பாளர்கள். கிராஃபிக்ஸ் அட்டையைப் பகிர்வதில் எந்த ஹைப்பர்வைசர் சிறந்தது?

இங்கே ஹைப்பர்வைசரின் தேர்வு உண்மையாகவே முடிவை மாற்றும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அட்டை முழுவதையும் ஒரே இயந்திரத்துக்கு ஒப்படைக்கும் பாஸ்த்ரூ முறை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் 80 பேருக்கு 80 அட்டைகள் வாங்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. என்விடியாவின் விஜிபியு என்னும் மெய்நிகர் கிராஃபிக்ஸ் மென்பொருள், ஒரு கிராஃபிக்ஸ் சிப்பின் நினைவகத்தைத் துண்டுகளாகப் பிரித்து, கணக்கிடும் நேரத்தைப் பயனர்களுக்கிடையே பங்கிடுகிறது. காட்டாக, ஏ16 அட்டையில் தலா 16 ஜிபி கொண்ட நான்கு சிப்கள் இருக்கின்றன. 1 ஜிபி வீதம் பிரித்தால் 64 பேர், 2 ஜிபி வீதம் பிரித்தால் 32 பேர். ஆனால் ஏ16 அலுவலகப் பணிக்கும் காணொளிக்கும் உகந்தது. வடிவமைப்பாளர்களுக்கு அதைவிட வலுவான சிப்பும், பெரிய துண்டும், பணிநிலையத்துக்கான விடபிள்யூஎஸ் உரிமமும் தேவை. அந்த உரிமச் செலவை அட்டையின் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

ஈஎஸ்எக்ஸ்ஐ, ஜென்னை அடிப்படையாகக் கொண்ட ஜென்சர்வர், ஏஎச்வி, ரெட் ஹேட், உபுண்டு ஆகியவற்றின் மீது விஜிபியு சில காலமாகவே அதிகாரபூர்வமாக இயங்குகிறது. 2025இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஹைப்பர்-வியில் முன்பு இருந்த ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2020இல் முடக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. விண்டோஸ் சர்வர் 2025 ஜிபியுவைப் பகுதிகளாகப் பிரிக்கும் வேறொரு முறையைத் தருகிறது.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. அட்டையின் மாடல், ஹைப்பர்வைசரின் துல்லியமான பதிப்பு, விஜிபியு இயக்கியின் (டிரைவரின்) பதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் கடினமானது. ஒரு நிறுவனத்தில், வார விடுமுறையில் ஹைப்பர்வைசரை மட்டும் உயர்த்திவிட்டு, இயக்கியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சாதாரண இயந்திரங்கள் எல்லாம் சரியாக எழுந்தன. திங்கட்கிழமை காலை, விஜிபியு இணைக்கப்பட்ட இயந்திரம் ஒன்றுகூட பூட் ஆகவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பி முடிக்க நண்பகல் ஆகிவிட்டது. அதுவரை ஒரு வடிவமைப்புப் பிரிவு முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருந்தது. அன்று முதல், விஜிபியு உள்ள ஒரு ஹோஸ்டை, அதாவது ஹைப்பர்வைசர் இயங்கும் சர்வரை, சோதனைக்கென்றே தனியாக ஒதுக்காமல் எந்தத் திட்டத்துக்கும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: ஒரு ஹோஸ்டில் எத்தனை மேசைக்கணினிகள் தாங்கும்?

முதல் கேள்வியின் 300 பேரையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஹோஸ்டிலும் தலா 32 கோர் உள்ள இரண்டு பிராசஸர்கள், 1,024 ஜிபி நினைவகம். ஒவ்வொரு மேசைக்கணினிக்கும் 2 மெய்நிகர் சிபியு, 8 ஜிபி என்று வைப்போம். ஒரு கோருக்கு 6 மெய்நிகர் சிபியு என்ற விகிதத்தில் 192 இயந்திரங்கள் அடங்கும் என்று கணக்கு காட்டும். நினைவகத்தில் 64 ஜிபியை ஹைப்பர்வைசருக்கு விட்டுவிட்டால் மீதம் 960 ஜிபி, அதாவது 120 இயந்திரங்கள். முதலில் தீர்வது நினைவகம்தான். ஆகவே மூன்று ஹோஸ்ட்களில் 300 பேரும் அடங்குவார்கள். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமலிருக்க நான்கு வாங்க வேண்டும்.

நினைவகத்தை இருப்பதைவிட அதிகமாகப் பங்கிட்டுக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே உள்ளடக்கம் கொண்ட நினைவகப் பக்கங்களை இயந்திரங்களுக்கிடையே பகிரும் உத்தி ஒரு காலத்தில் மேசைக்கணினிகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக விஎம்வேர் அதை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. அதை நம்பிக் கணக்கிட வேண்டாம். சிபியுவில் அப்படியில்லை, பகிர்ந்தே ஆக வேண்டும். அளவு மீறுகிறதா என்பதை ரெடி டைம், அதாவது இயந்திரம் தயாராக இருந்தும் சிபியு கிடைக்கக் காத்திருக்கும் நேரம், காட்டிக்கொடுக்கும். விஸ்பியரின் நிர்வாகக் கருவியான விசென்டரின் 20 நொடி வரைபடத்தில், ஒரு மெய்நிகர் சிபியுவுக்கு 1,000 மில்லிநொடி என்றால் 5 விழுக்காடு; அதைத் தாண்டினால் பயனர்கள் தட்டச்சின் தயக்கத்தைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்குவார்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 டிபிஎம் கேட்கிறதே?

டிபிஎம் என்பது குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்; மேலே சொன்ன தளங்கள் எல்லாமே அதை மெய்நிகராகத் தருகின்றன. விஸ்பியரில் அதற்கு முன் குறியாக்கச் சாவி வழங்கி ஒன்றை அமைக்க வேண்டும்; 7.0 அப்டேட் 2 முதல் உள்ளமைந்த வழங்கியே இருக்கிறது. அதன் காப்புப் பிரதியை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் சிட்ரிக்ஸ் பயன்படுத்துகிறோம். ஜென்சர்வருக்கு மாறினால் செலவு குறையுமா?

பெரும்பாலும் குறையும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ஜென்னை வளர்த்த ஜென்சோர்ஸ் நிறுவனத்தைச் சிட்ரிக்ஸ் 2007இல் வாங்கியது. சிட்ரிக்ஸ் மேசைக்கணினிகளை இயக்குவதற்கு ஜென்சர்வர் உரிமம் அதன் வாடிக்கையாளர்களுக்குச் சேர்ந்தே வருகிறது. உரிமச் சேமிப்பைப் பார்க்கும் அதே கண்ணால் உங்கள் குழுவையும் பாருங்கள். நள்ளிரவில் ஒரு சேமிப்பகப் பாதை அறுந்தால், ஜென்சர்வரின் கட்டளை வரியில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எத்தனை பேர்? விடை சுழியம் என்றால், மாற்றத்துக்கு முன் பயிற்சிக்கும் ஆறு மாத அவகாசத்துக்கும் ஒதுக்கீடு கேளுங்கள். சிகிச்சை அறையில் திரை இருண்டால் காத்திருப்பவர் நோயாளி.

கேள்வி: காலையில் லாகின் ஆக இரண்டு நிமிடம் ஆகிறது. ஹைப்பர்வைசரை மாற்றினால் தீருமா?

தீராது. பயனர் புரொஃபைலின் அளவு, குழுக் கொள்கைகள், வைரஸ் தடுப்பின் ஸ்கேன், பகிர்ந்த சேமிப்பகத்தின் தாமதம் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

கேள்வி: இரண்டு தளங்களுக்கிடையே தயங்குகிறோம். எப்படிச் சோதித்து முடிவு செய்வது?

விற்பனையாளர் காட்டும் செயல்விளக்கத்தை விட்டுவிட்டு, உங்கள் பணியாளர்களிலேயே 25 பேரை நான்கு வாரம் இரண்டிலும் மாற்றி மாற்றி வேலை செய்ய வையுங்கள்; அந்த நான்கு வாரத்துக்குள் ஒரு மாத இறுதிக் கணக்கு முடிப்பும் வர வேண்டும். அவர்களில் கணக்குப் பிரிவினரும், அச்சுப்பொறியையும் ஸ்கேனரையும் அதிகம் பயன்படுத்துபவர்களும், நாள் முழுவதும் காணொளிக் கூட்டத்தில் இருப்பவர்களும் இருக்கட்டும். இடையில் நீங்கள் வேண்டுமென்றே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். வேலை நேரத்தில் ஒரு ஹோஸ்டின் மின்சாரத்தைத் துண்டித்து, பயனர்கள் மீண்டும் வேலையைத் தொடர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாய் இமேஜில் ஒரு பிழையான மாற்றத்தைச் செய்து எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்பி, பிறகு பழைய நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். ஆதரவுப் பிரிவுக்கு ஒரு சனிக்கிழமை இரவு அழைத்து, விஷயம் தெரிந்த பொறியாளர் மறுமுனைக்கு வரும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். இந்த மூன்று நேரங்களையும் இரண்டு தளங்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, விலைப்புள்ளியோடு நிர்வாகத்திடம் கொடுங்கள்.