ஊசியா, கேனுலாவா?

கேள்வி: எனக்கு வயது 48. புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை மடிப்பும் இருக்கிறது. இவற்றைச் சரிசெய்ய மருந்து செலுத்த ஒரு டாக்டர் சாதாரண ஊசியே போதும் என்கிறார். இன்னொருவர் ஊசிக்குப் பதில் கேனுலா என்ற மெல்லிய குழாய்தான் பாதுகாப்பு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் முகத்தில் இருப்பவை இரண்டு வேறு வகைச் சுருக்கங்கள். அதனால் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

புருவ நடுக் கோடு, தசை திரும்பத் திரும்பச் சுருங்குவதால் விழுவது. அதற்கு அந்தத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் மருந்துதான் பொருத்தம். மெல்லிய ஊசியால் வழக்கமாக 5 இடங்களில், மொத்தம் 20 யூனிட் போடுவார்கள். (வேறு பிராண்டுகளில் யூனிட் கணக்கு மாறும்.) முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். மூன்று நான்கு மாதம் நிற்கும். மருந்து கீழே பரவினால் மேல் இமை தொங்கும். அது தானாகச் சரியாகிவிடும், ஆனால் சில வாரங்கள் பிடிக்கும்.

கண்ணாடி முன் முகத்தைச் சுளித்துவிட்டுத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்திய பிறகும் கோடு அப்படியே நின்றால், போடாக்ஸ் மட்டும் அதை முழுதாக அழிக்காது. அதற்காக அங்கே ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல்) போட அவசரப்படாதீர்கள். அந்த இடத்து ரத்தக் குழாய்களுக்குக் கண்ணின் ரத்தக் குழாய்களோடு தொடர்பு உண்டு. ஜெல் உள்ளே புகுந்து அடைத்தால் பார்வையே போகலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒரு கோட்டுக்காக இந்த ஆபத்தை ஏற்க நான் சொல்லமாட்டேன்.

மூக்கோர மடிப்புக்குத்தான் ஃபில்லர். உங்கள் கேள்விக்கும் இங்கேதான் இடம். ஊசியால் சிறு சிறு புள்ளிகளாக வைக்கலாம். உள்ளே செலுத்தி, பின்னால் இழுத்துக்கொண்டே கோடாகவும் விடலாம். ஜெல்லை நினைத்த இடத்தில் துல்லியமாக வைக்க முடியும். ஆனால் குத்து அதிகம், ரத்தக்கட்டும் அதிகம். கேனுலாவின் முனை மழுங்கலானது. ஒரே துளை வழியாக நுழைந்து விசிறிபோல் பல திசைகளில் ஜெல்லைப் பரப்பலாம். வீக்கமும் ரத்தக்கட்டும் பொதுவாகக் குறைவு, ரத்தக் குழாயைத் துளைக்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மெல்லிய கேனுலாவும் குழாயைத் துளைக்கும். இந்த மடிப்பை ஒட்டியே முக்கியமான ரத்தக் குழாய் ஓடுகிறது. ஆகவே உங்களுக்கு நான் கேனுலா பக்கம்தான் சாய்வேன், போடுபவருக்கு அதில் நல்ல பழக்கம் இருந்தால்.

ஹையலூரோனிக் அமில ஃபில்லராகவே கேளுங்கள். தவறினால் அதைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. அது அந்த அறையிலேயே தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். போட்ட பிறகு தோல் வெளிறினாலோ, வலைபோல் நீலத் திட்டு தெரிந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே டாக்டரிடம் போங்கள். பார்வை மங்கினால் நேரே அவசரப் பிரிவுக்கு. இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.