பூச்சிக்கு எதற்கு மருந்து?

கேள்வி: மாடியில் பதினைந்து தொட்டிகள் வைத்திருக்கிறேன். செம்பருத்தியில் மட்டும் வெள்ளை வெள்ளையாக மாவுபோல ஏதோ ஒட்டிக்கொண்டு மொட்டெல்லாம் கருகுகிறது. பூச்சிக்கு நல்ல மருந்தாக ஒன்று சொல்லுங்களேன். அடிக்கடி வேலை வைக்காததாக இருந்தால் நல்லது.

பதில்: செம்பருத்திக்கு வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் கேள்வியில் இருக்கும் 'மருந்து' என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

குழந்தைக்கு வயிற்றில் பூச்சி இருந்தால் 'பூச்சிமருந்து' கொடுக்கிறோம். செடியில் பூச்சி இருந்தால் தெளிக்கிற நஞ்சுக்கும் அதே பெயர்தான். வீட்டில் ஒருவர் "அந்தப் பூச்சிமருந்தை எடு" என்று குரல் கொடுத்தால் கேட்டவர் கை எந்த அலமாரிக்குப் போகும்? 'தவறுதலாகப் பூச்சிமருந்து குடித்த சிறுவன் பலி' என்று செய்தி போடுகிறோம். மருந்து குடித்துச் செத்தான் என்று எழுதுகிறோமே, நமக்குக் கூசவே இல்லையா? பூச்சிக்கொல்லி என்று நேர்மையான சொல் ஒன்று தமிழில் இருக்கும்போது ஏன் இந்த மூடிமறைப்பு?

இந்த இதழின் மெய்ப்புத் தாள்களில் 'பூச்சிமருந்து' எங்கே வந்தாலும் அடித்துவிட்டுக் 'கொல்லி' என்று எழுதுவேன். "மக்கள் வழக்கு அதுதானே சார்" என்று உதவி ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வழக்கில் இருக்கிறது என்பதற்காக நஞ்சை மருந்தாக்க முடியாது என்பேன். ஒருமுறை விளம்பரம் கொடுக்க வந்தவர் 'செடிகளுக்கான டானிக்' என்று போடச் சொன்னார். குப்பியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் 'நஞ்சு' என்று இருந்தது. விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினோம். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

இது வெறும் சொல் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து என்று நம்புகிறவர்தான் 'இன்னும் ஒரு மூடி சேர்த்து அடித்தால் சீக்கிரம் குணமாகும்' என்று அளவைக் கூட்டுகிறார். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைப்பவரும் அவர்தான். நஞ்சு என்று வாய் திறந்து சொன்னவர் அப்படி வைக்கமாட்டார்.

சரி, செம்பருத்தி. உங்களுக்கு வந்திருப்பது மாவுப்பூச்சி. சாறு உறிஞ்சும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் தெளித்தால் வழிந்து ஓடிவிடும். முதலில் தண்டைப் பாருங்கள், எறும்பு வரிசையாக ஏறுகிறதா? மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். அதைத் தின்ன வருகிற வண்டுகளை விரட்டும். எறும்பை நிறுத்தாமல் நீங்கள் எதைத் தெளித்தாலும் பாதி வேலைதான். தொட்டியின் வெளிப்புறம் சுற்றிலும் விரற்கடை அகலத்துக்கு வாசலைன் தடவுங்கள். கிளை எதுவும் சுவரையோ பக்கத்துத் தொட்டியையோ தொடாமல் நறுக்கிவிடுங்கள்.

மொய்த்துக் கிடக்கும் நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. சில சொட்டுச் சோப்புக் கரைசலை முதலில் எண்ணெயில் விட்டுக் குழப்பிக்கொண்டு, பிறகு தண்ணீர் சேர்த்தால் பால்போல வரும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம், கணு, மொட்டின் காம்பு என்று நனையும்படி அடியுங்கள். முதல் நாள் ஒரே ஒரு கிளையில் அடித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றதற்குப் போங்கள். மெழுகுக்குள் முட்டை பத்திரமாக இருக்கும், அது பொரித்துக் குஞ்சுகள் கிளம்பும். ஆகவே வாரம் ஒருமுறை வீதம் மூன்று வாரமாவது விடாமல் செய்யவேண்டும். அடிக்கடி வேலை வைக்காத வழி கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து இதற்கு அப்படி ஒன்று இல்லை.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன்பு என் வீட்டுச் செம்பருத்தியிலும் இதே தொல்லை. மாவுப்பூச்சிகளுக்கு நடுவில் கொழுத்த வெள்ளைப் பூச்சி நாலைந்து ஊர்ந்துகொண்டிருந்தன. தாய்ப்பூச்சி போலிருக்கிறது என்று தேடித் தேடி நசுக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அவை மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் வளராது, நகர்வதும் மெதுவாகத்தான். அந்தப் புழுவோ 10 மில்லிமீட்டரையும் தாண்டும். மெழுகு இழைகள் கலைந்த நூல்போல நீளமாகத் தொங்கும். இலையைத் தட்டினால் விறுவிறுவென்று ஓடும். அதைக் கண்டால் அந்தத் தொட்டியில் வேப்பெண்ணெய்கூட அடிக்காதீர்கள். நான் நசுக்கியதற்கு அந்த வருடம் முழுக்கப் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

மாவுப்பூச்சிக்கு உறவான ஒரு செதில்பூச்சி 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபெலே என்பவர் 1888இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அதைத் தின்னும் பொறிவண்டுகளைக் கப்பலில் அனுப்பிவைத்தார். எல்லாம் சேர்த்துச் சில நூறு வண்டுகள்தான். ஓரிரு வருடத்தில் தோப்புகள் மீண்டன. பிறகு 1940களில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்தது. தெளித்தார்கள், பொறிவண்டுகள் செத்தன, அடங்கிக் கிடந்த செதில்பூச்சி திரும்பி வந்தது. அந்த டி.டி.டி.க்கும் அந்தக் காலத்தில் 'மருந்து' என்றே பெயர் சொல்லி விற்றிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

உரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். தழைச்சத்து அதிகமானால் தளிர் கொழுகொழுவென்று வரும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதுதான் விருந்து. தண்ணீரும் அப்படியே: விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்றவேண்டாம்.

உங்கள் கேள்வியில் வந்த 'மருந்து' என்ற சொல்லை மட்டும் மெய்ப்பில் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அது உங்கள் சொல். மூன்று வாரம் கழித்துச் செம்பருத்தி எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் 'பூச்சிக்கொல்லி' என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.