ஒன்பதாம் மாடியில் நாலு விரல்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டுக்கு ஒரு தமிழ் அகராதிச் செயலி எழுதுகிறோம். திறமூலம்தான் (யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம்), நிரல் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. புகார்கள் வாட்ஸப்பில் வந்து குவிகின்றன. எது தீர்ந்தது, எது தீரவில்லை என்றே தெரியவில்லை. வழுக்களை, அதாவது நிரலில் உள்ள பிழைகளை, பதிந்துவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். கிட்ஹப்பிலேயே இருக்கும் ‘இஷ்யூஸ்’ என்ற புகார்ப் பகுதி போதும் என்கிறான் ஒருவன். மைக்ரோசாஃப்ட் வீட்டுத் திண்ணையில் ஏன் உட்கார வேண்டும், பக்சில்லா, ரெட்மைன் மாதிரி ஒரு புகார்ப்பதிவு மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவுவோம் என்கிறான் இன்னொருவன். இரண்டு மாதமாக இதே சண்டை. பயனர்களும் எதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ‘கொடி’ என்று தேடினால் வரவில்லை என்று மூன்று முறை எழுதிவிட்டார். எங்கள் நான்கு பேர் கைப்பேசியிலும் வருகிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

(பெயர் வேண்டாம்), பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

நிரல் இருக்கிற இடத்திலேயே புகாரையும் வை. பக்சில்லா 1998இல், இன்று ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்கிற மோசில்லாவுக்காகப் பிறந்தது. நான்கு பேருக்கு அது கல்யாண வீட்டு அண்டாவில் காபி போடுகிற கதை. அந்த சர்வரைக் கட்டி மேய்க்க ஐந்தாவதாக ஓர் ஆள் வேண்டும். பைத்தான் நிரல்மொழிக்காரர்களே ரவுண்டப் என்ற புகார்ப்பதிவு மென்பொருளைப் பல வருஷம் சொந்தமாக நடத்திப் பார்த்துவிட்டு 2022இல் கிட்ஹப்புக்குக் குடிவந்துவிட்டார்கள். திண்ணைக்காரன் எழுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற உன் நண்பனின் பயம் நியாயம்தான். கிட்ஹப் மாதிரியே நிரல் வைக்க இடம் கொடுத்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் கடையை மூடியதை நாங்களும் பார்த்தோம். மாதம் ஒருமுறை புகார்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள். சரி, இது முடிந்தது.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஆசிரியை. மூன்று முறை எழுதினாராம்! நம் ஊரில் ஒரு செயலி சரியில்லை என்றால் அழித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். இவர் வகுப்பை முடித்துவிட்டு, தாள் திருத்திவிட்டு, உங்களுக்கு மூன்று முறை எழுதியிருக்கிறார். நீ அதைப் ‘பயனர்கள் ஒழுங்காகச் சொல்வதில்லை’ என்ற கணக்கில் சேர்த்திருக்கிறாய். கோபம் வருகிறது தம்பி. வருவதற்கு என் சொந்தக் கதை ஒன்றும் காரணம்.

இருபது வருஷத்துக்கு முன் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தேன். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கீழே ஜாகா (காவலாளி) உட்காரும் இடத்தில் ஒரு அடுவான் புத்தகம், அதாவது புகார்ப் புத்தகம், இருக்கும். பேனாவை ரஃபியா கயிற்றால் கட்டியிருப்போம். கயிறு இருக்கும், பேனா இருக்காது. பக்கத்துக்குப் பக்கம் ‘லிப்ட் ரோசாக்’, ‘லிப்ட் ரோசாக்’ என்றே மலாயில் எழுதியிருப்பார்கள், லிப்ட் கெட்டுவிட்டது என்று. என்ன கெட்டது, எப்போது கெட்டது, ஒன்றும் இருக்காது.

ஒன்பதாம் மாடியில் ஓர் அம்மா இருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அவருக்கு மலாய் எழுத வராது. ஜாகாவிடம் பேனா வாங்கித் தமிழில் எழுதியிருந்தார்: “மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும். ஒன்பதாம் மாடியில் மட்டும். நாலு விரல் கீழே நிற்கிறது. வண்டிச் சக்கரம் இடிக்கிறது.”

இதைவிட நல்ல வழு அறிக்கையை நான் பார்த்ததில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு, அதனால் என்ன, எல்லாம் இருக்கிறது. அளவுகோல் இல்லாததால் விரலால் அளந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் அன்று சாயங்காலம் ஒன்பதாம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல வெயிலடித்த நாள். லிப்ட் தரையோடு தரையாக நின்றது. கீழே வந்து அந்த வரிக்குப் பக்கத்தில் ‘செலெசாய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடிந்ததாம்.

அப்புறம் ஒரு மழை மறுநாள் வண்டி குப்புற விழுந்து சம்பல் முழுக்க லிப்டுக்குள் கொட்டியது. மெக்கானிக் வந்து பார்த்தான். ஒன்பதாம் மாடிச் சுவரில் விரிசல். மழைத்தண்ணீர் இரவெல்லாம் கசிந்து, லிப்ட் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சுவிட்சின் மேல் சொட்டியிருக்கிறது. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். அந்த அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கையில் மஞ்சள் பூசியிருந்தார்.

பக்சில்லாவில் ஒரு புகாரை மூடும்போது போடுகிற முத்திரைகளில் ‘வொர்க்ஸ்ஃபார்மீ’ என்று ஒன்று உண்டு. எனக்கு வேலை செய்கிறதே என்று அர்த்தம். அது நான் போட்ட ‘செலெசாய்’தான். உங்கள் ‘நான்கு பேர் கைப்பேசியிலும் வருகிறது’ம் அதுதான். (‘வோன்ட்ஃபிக்ஸ்’ என்பதும் உண்டு: தப்புதான், ஆனால் திருத்தமாட்டோம். நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ அதற்கு வழுவமைதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டால் சரி.)

இப்போது ‘கொடி’க்கு வருவோம். அதில் உள்ள ‘கொ’வை, கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில், இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறியீட்டைச் சேர்க்கலாம். அல்லது கொம்பையும் (ெ) காலையும் (ா) தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடுகிற நிரலுக்கு வேறு வேறு. அந்த ஆசிரியையின் விசைப்பலகை கொம்பையும் காலையும் பிரித்துப் போடுகிறது என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் நான்கு பேரும் ஒரே விசைப்பலகை வைத்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடினால் போதும். ஜாவா நிரல்மொழியில் இதற்கு ‘நார்மலைசர்’ என்று ஒரு கருவி தயாராகவே இருக்கிறது. ‘கோவில்’, ‘சௌக்கியம்’ என்று தேடினாலும் அவருக்கு வந்திருக்காது. கேட்டீர்களா?

இன்னொன்று. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் புகார் கொடுக்கக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் போதும். மூடும்போது எழுதுகிற விளக்கம் புகார் சொன்னவருக்கே போய்ச் சேரும். 1994இல் தொடங்கிய ஏற்பாடு. கிட்ஹப்பில் கணக்கில்லாமல் எழுத முடியாது. அதனால் வாட்ஸப்பை மூடிவிடாதே. அங்கே வருவதை உங்களில் ஒருவர் பதிந்து, பதிவெண்ணைப் புகார் சொன்னவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். தமிழில் வந்தால் தமிழிலேயே பதியுங்கள். அவர் சொன்ன வார்த்தையை மாற்றாதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் அந்த ஆசிரியைக்குப் போன் போடு. வாட்ஸப் செய்தி வேண்டாம். எந்தக் கைப்பேசி, எந்த விசைப்பலகை என்று கேள். முதலில் மன்னிப்புக் கேள். நான் அந்த அம்மாவிடம் கேட்பதற்குள் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். காஜாங் என்று ஜாகா சொன்னார்.