பக்கவாத்தியக்காரருக்கு இரண்டு பக்கமா?

கேள்வி: அடுத்த மாதம் குன்னூரில் நடக்கப்போகும் வயலின் தனிக்கச்சேரிக்கு உங்கள் பத்திரிகையில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த அம்மா முப்பது வருடமாக வெறும் பக்கவாத்தியம் வாசித்தவர்தானே? நீலகிரிக்கு வருவதே வருடத்துக்கு இரண்டு மூன்று கச்சேரி. அதிலும் பாட்டு இல்லை என்றால் எதற்கு வர வேண்டும்?
– வாசகர் ஒருவர், வெலிங்டன்

பதில்: ‘வெறும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பக்கவாத்தியக்காரருக்குப் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன ராகம் என்பதே பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். அவர் பாடுகிற சங்கதியை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் அழகை, நிழல் மாதிரி ஒட்டியே வில்லில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அப்புறம் தன் முறை வரும். பாடகர் இருபது நிமிடம் விரித்த ராகத்தை ஐந்தாறு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் குற்றம், அவரைத் தாண்டிப் போனாலும் குற்றம். இன்றைக்கு ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண் குரல், நாளைக்கு ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் ஒரு பெண் குரல். சுருதி மாறினால் தந்தியின் இறுக்கம் மாறும், சில சமயம் தந்தியையே மாற்ற வேண்டிவரும். விரல் மட்டும் பிசகக் கூடாது.

முப்பது வருடம் இப்படி உட்கார்ந்தவர் எத்தனை பேருடைய தோடி ராகத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டிருப்பார்! அவருக்கென்று ஒரு தோடி இருக்காதா? அதை அவசரமில்லாமல் வாசிக்க இப்போதுதான் நம் ஊரில் மேடை கிடைத்திருக்கிறது.

போன வருடம் இதே ஊரில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. பாடகர் காம்போதி ராகம் பாடி நிறுத்தினார், இந்த அம்மா வில்லை எடுத்தார், பாதி அரங்கம் காபி குடிக்க எழுந்து போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தக் கச்சேரியைப் பற்றி நம் பத்திரிகையில் வந்த விமர்சனத்திலும் அவருக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘வயலின் பக்கபலமாக இருந்தது.’ அது எங்கள் தவறு. இந்த இரண்டு பக்கம் அந்தக் கடனைத் தீர்க்கத்தான்.

வயலினைத் தனியாகக் கேட்பது புதுசும் இல்லை. வயலின் வித்வான் துவாரம் வெங்கடசாமி நாயுடு 1938-லேயே வேலூரில் தனிக்கச்சேரி செய்தார். 1941-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். ஆனால் அந்த விருது வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2016 வரை ஆனது. பாடகி எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல வருடம் பக்கவாத்தியம் வாசித்த கன்யாகுமரிதான் அதைப் பெற்றவர். நடுவில் எழுபத்தைந்து வருடம்! பெண் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் பாட மாட்டோம் என்ற வித்வான்களும் இருந்த காலம் அதற்குள் அடக்கம்.

சரி, பாட்டு இல்லை என்கிறீர்கள். அவர் வாசிக்கப்போவதும் நீங்கள் கேட்டுப் பழகிய கீர்த்தனைகள்தான். சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், தெரிந்தவருடைய வில் சொல்லை நடுவில் வெட்டாது, சொல் முடிகிற இடத்தில்தான் திரும்பும். உங்களுக்குத் தெரிந்த ஒரு கீர்த்தனை வரும்போது அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள், வாய்க்குள்ளேயே நீங்கள் கூடப் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியில் குறிஞ்சி ராகம் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த மலையில் பிறந்தவர், வேறு எதை வாசிப்பார்? மத்யம சுருதியில், அதாவது ‘ம’வையே ‘ஸ’வாக வைத்துக்கொண்டு, வாசிக்கிற ராகம் அது. கீழே நிஷாதம் (நி), மேலே தைவதம் (த), அவ்வளவுதான் எல்லை. மேல் ஷட்ஜத்தை (ஸ) தொடவே தொடாது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு தாலாட்டே அடங்கியிருக்கிறது. அதற்காகவாவது வாருங்கள்.

தொடக்கம் மாலை 5 மணி, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நாலே முக்காலுக்கே உட்கார்ந்துவிடுங்கள். மூடுபனி உள்ளே வந்தால் ஈரத்தில் பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் மரத்திருகு, ஊறி இறுகிக்கொள்ளும், சுருதி சேர்ப்பது பெரும்பாடு. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடச் சொல்லியிருக்கிறார்.